ஒன்பது பேரின் கோயிலில் நாற்பத்துமூன்று பேர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் ஏழு வருடமாக இதை எழுதாமல் இருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. நான்கு தரம் தொடங்கி நான்கு தரமும் கிழித்தேன்.

முதல் தொடக்கம்: "1974ஆம் ஆண்டு ஆவணி மாதம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு போதகர் கடல்கடந்து நெடுந்தீவுக்கு வருகை தந்தார்." அறிக்கை மாதிரி இருக்கிறது. இருபது வருடம் தபாற்கந்தோரில் படிவம் நிரப்பிய கை, வேறு எப்படி எழுதும்?

இரண்டாவது: "கடல் அன்று—"

வேண்டாம். நெடுந்தீவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடலில் தொடங்கித் தீவின் காட்டுக்குதிரையில் முடிக்கிறார்கள். (இந்தக் கதையில் குதிரை இல்லை. எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க.)

நேரே சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் தீவில் அப்போது ஒரு சின்ன வேதக் கோயில் இருந்தது. ('அப்போது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முடிவை ஊகிக்க வேண்டாம்.) சபையில் ஒன்பது பேர். ஆறு வருடமாகப் போதகர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து எமிலி ரீச்சரே கதவைத் திறந்து, கூட்டி, மணியடித்து, செபம் சொல்லி, பிரசங்கமும் செய்வார். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குப் படிப்பிப்பார்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்துச் சபைத் தலைமையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து ஒரு போதகர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் குடும்பத்தோடு வந்து தங்கி ஊழியம் செய்வார். பிடிக்காவிட்டால் வருடக் கடைசியில் கோயிலைப் பூட்டுவார்கள்.

எமிலி ரீச்சரைப் பற்றி எழுதும்போது என் பேனா எழுந்து நிற்கிறது. இவ்வளவு நல்லவராக ஒருவரைக் காட்டினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்ற பயமும் வருகிறது. ஆகவே ஒரு குறை: பொல்லாத கோபக்காரி. மணியடித்த பிறகு வந்த ஐயாத்துரை அண்ணையை, வயதுக்கு மூத்தவர் என்றும் பாராமல், வாசலிலேயே நிற்கவைத்தவர். அந்த ஐயாத்துரை அண்ணையின் மனைவி இறந்தபோது கடல் கொந்தளிப்பு. பட்டணத்திலிருந்து போதகர் வர முடியவில்லை. அடக்கச் செபத்தை ரீச்சர்தான் மழைக்குள் நின்று வாசித்தார். குரல் ஒரு இடத்திலும் தளம்பவில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

3

பொய் ஐயாத்துரை அண்ணையுடையது. சங்கக்கடை மனேச்சர், ஒன்பது பேரில் ஒருவர். ஒருநாள் கந்தோருக்கு வந்து யன்னலுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"தியாகலிங்கம், ஒன்பது பேரைக் கண்டா அந்த ஐயா அடுத்த வள்ளத்திலேயே திரும்பிப் போடுவார். கோயில் வாங்கெல்லாம் ஆள் இருந்து நிரம்ப வேணும். நாகபூசணியையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"நாங்கள் சைவக்காரர் அண்ணை."

"அதுக்கென்ன? எழும்பச் சொன்னா எழும்பும், இருக்கச் சொன்னா இரும். ரீச்சருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். என்னைக் கொண்டுபோடுவா."

நாகபூசணி என் மனைவி. சொன்னதும் கேட்டாள்: "பூட்டினா எமிலி ரீச்சர் ஞாயிற்றுக்கிழமையில எங்க போறது?" அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னேரத்துக்குள் நான்கு வளவுகளுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

4

போதகர் ஞானக்கண் சனிக்கிழமை வந்தார். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறியதிலிருந்து சத்தி எடுத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது முகம் வெளிறிச் சிரித்துக்கொண்டிருந்தார். ரீச்சரோடு தீவெல்லாம் நடந்தார். தண்ணி எங்கே அள்ளுவது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மனைவிக்குப் பிள்ளைப்பேறு வந்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரித்தார். ஒடியல் கூழ் இரண்டாந்தரமும் வாங்கிக் குடித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் இப்படிக் கேட்க மாட்டார். இருக்க நினைக்கிறவர் கேட்கிற கேள்விகள் அவை. எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

ஞாயிறு காலை நாங்கள் முப்பத்துநான்கு பேர், நெற்றியைக் கழுவிவிட்டுப் போய் வாங்குகளில் இருந்தோம். (இதை ரீச்சருக்கு வாசித்துக் காட்டியபோது, "உம்மடை நெற்றியில மிச்சம் இருந்தது" என்றார்.) ரீச்சர் எங்களைக் கண்டு அப்படியே நின்றார். முகம் சிவந்தது. ஆனால் மணி அடித்தாயிற்று, போதகரும் உள்ளே வந்துவிட்டார்.

பாட்டு வந்தது. சொல் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இராகம் மோகனம். சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிற சிவக்கொழுந்து அக்காவுக்கு அது போதும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பிடித்துக்கொண்டு கூரை அதிரப் பாடினார். போதகர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கோயிலில் அப்படி ஒரு பாட்டு அதற்கு முன் கேட்டிருக்காது. பொய்யாகப் போனவர்கள்தான், ஆனால் பாடியது பொய்யில்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

5

சபையில் சேர்ந்தவர்கள் மட்டுமே அப்பம் வாங்குகிற திருவிருந்தைப் பற்றி ஐயாத்துரை அண்ணை எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறந்துபோனார்.

போதகர் அப்பத் தட்டோடு நின்று, "வாங்க" என்றார்.

சாமியின் முன்னால் ஒருவர் கையில் பிரசாதத்தோடு நின்று கூப்பிட்டால் போகாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. முப்பத்துநான்கு பேரும் எழும்பினோம். ஆம்பிளைகள் பழக்கதோசத்தில் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினோம். முன்வரிசையில் நாகபூசணி. அவள் முழந்தாளிட்டதைப் பார்த்து நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

அவள் அப்பத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். பாதியை வாயில் போட்டாள். மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

"எதுக்கம்மா முடிஞ்சு வைக்கிறீங்க?"

"மகளுக்கு நாலு நாளாக் காய்ச்சல் ஐயா. சாமியின்ரை இல்லோ, குடுக்கலாமெண்டு."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். இடுப்பில் சால்வை கட்டிய வரிசை வாசல்மட்டும் நின்றது. ஐயாத்துரை அண்ணை முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்போது—

(இந்த இடத்துக்குப் பயந்துதான் நான்கு தரமும் கிழித்தேன்.)

எமிலி ரீச்சர் எழும்பினார்.

"ஐயா, பிழை எங்கடை. நாங்கள் ஒன்பது பேர்தான். மற்ற எல்லாரும் சைவக்காரர், எங்கடை அயல். இந்தக் கோயிலைப் பூட்டக் கூடாதெண்டு வந்திருக்கினம். அவையிலை கோவிக்காதேங்கோ."

போதகரின் முகத்தை நேரே பார்த்தார்.

"ஒன்பது பேருக்கு வர ஏலுமெண்டா வாங்கோ. நாற்பத்துமூண்டு பேருக்கெண்டு வராதேங்கோ."

ஆறு வருடம் அவர் வேண்டிக் காத்திருந்தது அந்த ஒரு ஆள்தான். பேசாமல் இருந்திருக்கலாம். நாகபூசணியை வெளியூர்க்காரி, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சமாளித்திருக்கலாம். நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன். என் வாழ்க்கையில் ஒரு மனிசரைப் பார்த்து அப்படி வியந்ததில்லை, பெருமைப்பட்டதில்லை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

6

முடிவு அ: தை பிறக்க, போதகர் ஞானக்கண் மனைவி மகளோடு வந்து இறங்கினார். எழுதிப் பார்த்தேன். உண்மை சொன்னதற்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது. கிழித்தேன்.

முடிவு ஆ: ஒன்பது பேருக்காக ஒரு குடும்பத்தைப் பெயர்க்க முடியாதென்று கடிதம் வந்தது, கோயிலைப் பூட்டினார்கள். உண்மை சொன்னதற்குத் தண்டனை மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன்.

இரண்டில் எது நடந்ததென்று நெடுந்தீவார் எவரைக் கேட்டாலும் சொல்லுவர். கெட்டித்தனம் காட்டுவதற்காக அதை நான் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை ரீச்சரைத் தவிர எவரும் காணவில்லை. நாகபூசணி குனிந்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் ரீச்சரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் அடுத்தது நான். ரீச்சர் எழும்புவதற்கு முன்பே கையை நீட்டிவிட்டேன். அவர் சொல்லி முடித்த பிறகு அதை மடக்கவும் எனக்கு ஏலவில்லை, நீட்டிவைத்திருக்கவும் ஏலவில்லை. போதகர் என் முன்னால் நிற்கிறார். நான் அந்த ஒன்பதில் ஒருவன் இல்லையென்று அவருக்கு இப்போது தெரியும். அவர் சபையின் சட்டம் அவருக்குத் தெரியும். எமிலி ரீச்சர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதும் தெரியும். விரல்களுக்கிடையில் ஒரு துண்டு அப்பம்.

அவர் தீவுக்கு வந்தாரா இல்லையா என்பதை நீங்கள் விரும்பியபடி பிறகு எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அவர் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லுங்கள். நீட்டிய என் கை இன்னும் நோகிறது.