முதுகுக்கும் காலுக்கும்

“உங்க வீட்டுக்காரருக்கு எங்கம்மா வலிக்குது?” என்று போன வருஷம் மருத்துவக் குழு டாக்டர் அவளைக் கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் முறைத்தார். அவள் தரையைப் பார்த்தாள். அத்தோடு கதை முடிந்தது.

பட்டாளத்தில் லாரியிலிருந்து விழுந்து அடிபட்ட முதுகுக்கு உதவித்தொகை வந்துகொண்டுதான் இருந்தது. இடது கால் மரத்துப்போனதும் அந்த முதுகால்தான் என்று குழு ஏற்றுக்கொண்டால் தொகை கூடும்; கிடங்கு வாசலில் நாளெல்லாம் காவல் நிற்கும் வேலையை அவர் விட்டுவிடலாம். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு மேலதிகாரிதான். குதிகால் சேரும், நெஞ்சு நிமிரும், “நல்லா இருக்கேன் சார்” என்று வந்துவிடும். முனகலெல்லாம் வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி காதுக்கு மட்டும்.

இந்த வருஷம் மறுபரிசோதனைக்கு அதே டாக்டரிடம் வந்திருந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க என்று பஸ்ஸிலேயே கெஞ்சினாள். நான் என்ன பச்சைக் குழந்தையா என்று சிடுசிடுத்தார். உள்ளே போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே விறைப்பு. முதுகு பரவாயில்லை என்றார். கால் எப்படி என்றதற்கு, ஓட்டப்பந்தயத்துக்கே பெயர் கொடுக்கலாம் என்றார்.

டாக்டர் பேனாவை மூடப் போனார். வெளியாட்கள் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள், புடவை முந்தானையை முறுக்கியபடி எழுந்தாள்.

“இவர் இடது கால் செருப்பு எங்கன்னு கேளுங்க டாக்டர்.”

“கால்லதான் இருக்கு. வேற எங்க போகும்?” என்றார் அவர், குனியாமலே.

டாக்டர் எட்டிப் பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் தூசிதான் இருந்தது.

“மாடிப்படியில கழண்டுடுச்சு. எப்பவும் நான்தான் பின்னாடியே எடுத்துட்டு வந்து மாட்டிவிடுவேன். இன்னைக்கு வேணும்னே விட்டுட்டேன்.”

டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவரை உட்காரவைத்தார். கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களை ஊசி முனையால் தொட்டுக்கொண்டே போனார்.

“ஆரம்பிக்கலாம் சார்” என்றார் அவர், கடைசி விரலும் முடிந்த பிறகு.

“முடிஞ்சுது. இது முதுகால வந்ததுதான், சேர்த்துடறேன். கிடங்குக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுங்க.”

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். கட்டளை மீறிய சிப்பாயைப் பார்க்கிற பார்வை. கொஞ்ச நேரத்தில் மீசை ஓரத்தில் சிரிப்பு துடித்தது. பிறகு, மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதுகைக் கையால் தாங்கியபடி மெல்ல எழுந்து, ஒற்றைச் செருப்போடு மாடிப்படிப் பக்கம் போனார்.