சாவு அடி வெளிநாட்டில் இருக்கிறது

“எங்க போறேன்னு சொல்லிட்டுப் போச்சா?”

“எங்க சொல்லிச்சு? போன வாரம் பேட்டரி கடைக்காரர் சாவுல இருந்திச்சு. இன்னிக்கு மேளத்துல கோலை வெச்சா காணோம்.”

டில்லிபாபு மேளத்தை ஓங்கி அடித்துக் காட்டினான். தலையணையைத் தட்டியது போல் கேட்டது. அவன் பின்னால் நின்ற மூன்று பேரும் அடித்தார்கள். மூன்று தலையணைகள்.

கேட்டவர் ஏகாம்பரம் மாமா. காலையில் இறந்துபோனவர். வாசலில் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒட்டிய காசு விழாமலிருக்கத் தலையை நிமிர்த்தியே பேசினார்.

பிணத்துக்கு முன்னால் மேளத்தில் சாவு அடி என்ற அந்தத் தாளம் ஒலிக்காமல் அந்தத் தெருவில் யாரையும் எடுப்பதில்லை. எடுக்கும்வரை தெரு நீளும். ஏற்கெனவே இரண்டு வீடுகள் கூடுதலாக முளைத்திருந்தன. அவற்றில் ஆட்கள் குடிவந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

“சுகிர்தாவக் கேளுங்க,” என்றாள் மாமாவின் மனைவி கன்னியம்மா. “அவதான அதப் பத்திப் படிக்கிறா.”

சுகிர்தா மாமாவின் அக்கா மகள். இந்தத் தெருவின் சாவு அடி உலகமெங்கும் எப்படிப் பரவியது என்று ஆராய்ச்சி செய்கிறாள். பையிலிருந்து உலகப்படத்தை எடுத்து விரித்தாள். சிவப்புப் புள்ளிகள் அதில் எறும்புபோல் ஊர்ந்தன.

“லாகோஸ்ல ஒரு கல்யாணம். சியோல்ல ஒரு ஜிம். லிமாவுல பல்பொடி விளம்பரம்.” குரலில் பெருமை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“பல்பொடிக்கு நல்லா வருதா?” என்றார் மாமா.

“நல்லா வருது மாமா.”

“அப்ப நான் எப்பிடிப் போறது?”

சுகிர்தா சாவு அடிக்கே போன் செய்தாள். எடுத்தது. பின்னணியில் ஒரே கல்யாணக் கூச்சல்.

“யாரு?”

“சுகிர்தா. என் ஆராய்ச்சி பூரா நீதான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” அதன் தமிழ் கொஞ்சம் வழுக்கியது. “என்ன விசேஷம்?”

“சாவு.”

“ஸாரிம்மா. இப்பல்லாம் சந்தோஷத்துக்கு மட்டும்தான் போறேன்.”

“நீ பொறந்ததே சாவுலதான். என்கிட்ட ஆதாரம் இருக்கு.”

“படிச்சேன். நான் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லைன்னு மூணாவது இயல்ல எழுதியிருந்த. மனசுக்கு நிம்மதியா இருந்திச்சு. அன்னிக்கே கிளம்பிட்டேன்.”

எழுதியிருந்தாள். அந்த வரிக்குக் கருத்தரங்கில் கைதட்டல்கூட விழுந்தது.

தெரு மறுபடி நீண்டது. முக்கிலிருந்த டீக்கடை இப்போது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. சுடுகாடு அதற்கும் அப்பால்.

“படிச்சுக் கிழிச்ச,” என்றாள் கன்னியம்மா. “மாமா வெயில்ல காயறாரு பாரு.”

மாமா கையை நீட்டினார். சுகிர்தா போனைக் கொடுத்தாள். காசு நழுவாமல் மெல்லக் காதில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, ஏகாம்பரம் பேசறேன். எங்க நைனா சாவுக்கு நீ வந்திருந்த. உனக்கு ஞாபகம் இருக்காது. நான்தான் உன் முன்னாடி ஆடிக்கினே போனேன்.”

மறுமுனையில் கூச்சல் சற்றுத் தணிந்தது.

“கல்யாணத்த முடிச்சுட்டே வா. டீக்கட வரைக்கும் போதும், அப்பால நான் பாத்துக்கறேன். இன்னா, வரியா?”