மூக்கைச் சுளிப்பவன்

குழந்தைகள் வார்டின் வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். ரவிக்கையில் கசிந்த பால் புளித்து வாடை அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிற அவள் பெண் குழந்தைக்குச் சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாதாம். அதன் வயிறு உப்பிக் கிடக்கிறது. நர்ஸ் கொடுத்த பம்பால் பாலை எடுத்து எடுத்து, ஃபிரிட்ஜில் இடமில்லாமல் போய், மிச்சத்தைத் தன் கையாலேயே கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு வந்திருந்தாள். அந்தத் தொட்டியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா அறைக்குள் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். அதை அவளுக்கு வரைந்து காட்ட வேண்டியதே இல்லை. மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருகிறவள் அவள். தினமும் ஒரே இழுப்பில் இழுத்து வாளியில் வீசுகிற சமாச்சாரம்தான் அது.

"குடல்ல ஒரு பகுதி கறுத்துப்போச்சும்மா. அதை வெட்டி எடுத்துட்டு, நல்ல குடலோட வாயை வயித்து மேல கொண்டுவந்து வெப்போம். மலம் ஒரு பையில போகும். சில மாசம் கழிச்சு மறுபடியும் உள்ளே சேர்த்துத் தெச்சிடலாம். ஆனா குறைமாசக் குழந்தை, இந்த எடைக்கு மயக்க மருந்தே ஆபத்து. வேண்டாம்னா மருந்துலயே ஓட்டிப் பார்க்கலாம். குடல்ல ஓட்டை விழுந்துட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. இன்னிக்கே முடிவு பண்ணுங்க."

அவள் புருஷன் சோப்பும் சென்ட்டும் விற்கிற கடையில் வேலை பார்ப்பவன். மார்க்கெட்டில் அவனுக்குப் பெயரே சென்ட்டு. சாயங்காலம் அவள் வீடு திரும்பினால் மூக்கைச் சுளித்தபடி வாசலிலேயே சோப்பை நீட்டுவான். அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள், இன்றுவரை.

"டாக்டர், அந்தப் பையில வாடை வருமா?" என்றான் அவன்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளை பிழைக்குமா என்று கேட்க வேண்டிய வாய், வாடை வருமா என்று கேட்கிறது. இவனோடா ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று இருந்தது.

"வரும்," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். தம்பி பிள்ளைக்காக ஓடி வந்தவள்தான்; வாய் மட்டும் சும்மா இருக்காது.

"பொட்டப்புள்ளைக்கு வயித்துல ஓட்டை போட்டுப் பையை மாட்டுவாங்களாம். கருமம்! பேசாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். இருந்தா இருக்கட்டும். உனக்கென்ன வயசா போச்சு, இன்னொண்ணு பெத்துக்க மாட்டியா?"

"அண்ணி, இங்கிருந்து போயிடுங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்குக் குமட்டுது."

சொல்லிவிட்டு அவள் நேரே உள்ளே போய் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். புருஷன் பின்னாலேயே வந்து அதற்குக் கீழே கிறுக்கினான். பயந்து போட்டிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அதுவும் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சில நாள் கழித்துப் பை மாற்றக் கற்றுத்தர நர்ஸ் கூப்பிட்டாள்.

"இந்த வேலைக்கெல்லாம் நான் அசர மாட்டேன், சிஸ்டர். நீங்க வாடை தாங்காதவங்களுக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள் அவள், வாசலில் நின்ற புருஷன் காதில் விழும்படி.

நர்ஸ் பழைய பையைப் பிரித்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத வயிற்றின் மேல், சிவப்பாக, ஈரமாக, குடலின் வாய் லேசாக நெளிந்தது. நர்ஸ் நீட்டிய பஞ்சை அவள் வாங்கினாள். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் விரல்களுக்கு அந்த ஈரத்தோடு ஒரே ஒரு வேலைதான் பழக்கம்: பிடித்து இழுத்து வீசுவது. அந்த விரல்கள் தானாக மடங்குவதைப் பார்த்தாள். அதற்குள் மஞ்சளாக வழிந்து குழந்தையின் தொடை வரை ஓடியது. பஞ்சைப் போட்டுவிட்டுத் தொட்டிக்கு ஓடினாள். பால் கொட்டின அதே தொட்டியில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது புருஷன் குழந்தை மேல் குனிந்திருந்தான். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தான். ஒருதரம் ஓங்கரித்து முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டான். பிறகு துடைத்தான். மறுபடி ஓங்கரித்தான், மறுபடி துடைத்தான்.

"நீ உட்காரு. வாடை வரும்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்கல்ல. முன்னாடியே தெரிஞ்சா மனசைத் தயார் பண்ணிக்கலாமேன்னுதான் கேட்டேன்," என்றான், மூச்சை அடக்கிக்கொண்டு.

புதுப் பையை ஒட்டிவிட்டு அவன் கை கழுவ வந்தான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சோப்பை எடுத்து நீட்டினாள். அவன் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.