மந்திரி இழுத்த கயிறு

தெருவில் இறங்கினால், தான் முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடி வர வேண்டும் என்று நடந்துகொண்டதால்தான் அந்த நாய்க்கு மந்திரி என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர் கப்பிக்காரர். தானியக் கிடங்கில் மேல்மாடிக்கு மூட்டை ஏற்றும் கப்பியில் கயிறு பிடிப்பது அவர் வேலை. பகலெல்லாம் ஒரு கயிறு, பொழுது சாய்ந்தால் இன்னொரு கயிறு என்று சிரித்துக்கொண்டேதான் மந்திரியைக் கூட்டிக்கொண்டு போவார்.

போன வாரம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கிடங்கில் வேலை இழுத்தடித்த ஒரு சாயங்காலம், அவர் மனைவி நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் மந்திரி ஒரே இழுப்பு. விழுந்தவள் கையை ஊன்றினாள், மணிக்கட்டு பிசகிவிட்டது. தையல்காரிக்கு வலது கைதான் சோறு. கட்டுப் போட்ட கையோடு தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவள் பேச்சை வளர்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. லாரி ஷெட்டுல காவலுக்கு நாய் வேணுமாம். அதுக்குள்ள இது ஒழுங்கா நடந்தா இங்க இருக்கட்டும். இல்லன்னா அங்க போகட்டும்."

"அங்க சங்கிலியில கட்டிப் போட்டுருவாங்களே."

"என் கையையும்தான் கட்டிப் போட்டிருக்கு."

வேலை முடிந்து படியேறும்போது அவர் காலடிச் சத்தத்துக்கு எழுந்து வருகிற உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மனைவிக்கு மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அம்மாவிடம் போய்க் கேட்டார். "அது இழுத்தா மரம் மாதிரி நில்லுங்க. கயிறு தளர்ந்ததும் நடங்க. அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். மந்திரி இழுத்தது, இவர் நின்றார். கயிறு தளர்ந்தால்தானே நடப்பதற்கு? விறைத்தது விறைத்தபடியே இருந்தது. மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது.

"யாரு யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று டீக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்தே கேட்டார்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? ஒரு டீ போடுங்க."

விளக்குக் கம்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு டீயை வாங்கினார். ஒரு வாய் குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மந்திரி கம்பத்தடியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது.

"கம்பத்துகிட்ட மட்டும் என்னடா இவ்வளவு மரியாதை?"

"கம்பம் அதுபாட்டுக்குச் சும்மா நிக்குது. நீங்க நிக்கிறீங்களா?" என்றார் டீக்கடைக்காரர், பாத்திரம் கழுவிக்கொண்டே.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் கப்பிக்காரருக்கு அது உறுத்தியது. கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தார். இந்தத் தடவை நாயைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். நாய் ஓர் அடி அவர் பக்கம் வந்தது. கயிறு தளர்ந்த அந்த நொடியே விரல்கள் அதைச் சுருட்டி மணிக்கட்டில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டன. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடப்பாவி, என்றார் தன் கையைப் பார்த்து.

கப்பியில் கயிறு தளர்ந்தால் கீழே நிற்பவன் தலையில் மூட்டை இறங்கும். தளர்ச்சி தெரிந்தவுடன் சுருட்டிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தப் பயம் விரலுக்குள்ளேயே குடியேறியிருந்தது. பாவம் அந்த நாய், பக்கத்தில் வந்தாலும் கழுத்து இறுகுகிறது, தள்ளிப் போனாலும் இறுகுகிறது. அப்புறம் அது முன்னால் போகாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அப்ப அதுக்கு இழுக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நீங்கதானா?"

"அப்படித்தான் போலருக்கு."

"கையில கட்டு இருக்கு, பொழைச்சீங்க."

மறுநாளிலிருந்து கயிற்றைக் கையில் பிடிக்கவே இல்லை. இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மந்திரி இழுத்தது, நின்றார். கயிறு தளர்ந்தது. பின்னால் விரல்கள் துடித்தன, அவர் விடவில்லை. நாய் திரும்பி அண்ணாந்து பார்த்தது. கழுத்து ஏன் இன்னும் இறுகவில்லை என்று அதற்கும் ஆச்சரியம் போல. அவர் ஓர் அடி வைத்தார், அதுவும் வைத்தது. சனிக்கிழமை டீக்கடையைத் தாண்டும்போது மந்திரி அவர் முழங்காலை உரசிக்கொண்டு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் லாரியிலிருந்து இறங்கியபோது தோளில் சங்கிலி தொங்கியது. "சட்டுபுட்டுன்னு ஏத்துங்க மாப்ள, இன்னொரு லோடு இருக்கு."

"இருண்ணா. நான் ஒரு தடவை நடந்து பாத்துடறேன்" என்று அவள் இடது கையை நீட்டினாள்.

"நானும் கூட வர்றேன்" என்றார் கப்பிக்காரர்.

"வேணாம். நீங்க பக்கத்துல நின்னாலே கயிறு இறுகும்."

ஊசிக்கு நூல் விடுகிற மாதிரி இரண்டு விரலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். தெருமுனை. அவள் விழுந்த அதே இடம். சுவரிலிருந்து ஒரு பூனை குதித்து ஓடியது. கயிறு நேராக நிமிர்ந்தது. கப்பிக்காரர் பாய்ந்தார், மச்சான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவள் நின்றாள். மந்திரி பூனை போன திசையைப் பார்த்தது, திரும்பி அவளைப் பார்த்தது. என்ன நினைத்ததோ, அரை அடி பின்னால் வந்தது. கயிறு தொய்ந்தது.

அவளும் மந்திரியும் திரும்பி வந்தார்கள். வாசலில் நிற்பாள் என்று பார்த்தால் நிற்கவில்லை.

"இன்னொரு சுத்து போயிட்டு வர்றோம். அண்ணனுக்கு டீ போட்டுக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

மச்சான் தோளிலிருந்த சங்கிலியை எடுத்து லாரிக்குள் வீசினார்.