பிச்சைமுத்து எதைச் சாப்பிட்டார்?

“பின்கேட்டைத் திறங்கக்கா, சீக்கிரம்லா!”

தேவன் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே கத்தினான். தாதி சரளா சங்கிலியை உருவி இரும்புக் கதவைத் தள்ளினாள். முன்வாசலில் மைக்கும் கேமராவுமாக நின்ற கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் சந்தில் நுழைந்து, லகாட் கடைத்தெருவைத் தாண்டிவிட்டது.

சிம்பாங் பூலாய்க்குப் போக வேண்டும். அந்த நிருபர் ஷர்மினி அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால்.

இரண்டு நாளாக அவள்தான் பேராக் முழுவதையும் பேச வைத்துக்கொண்டிருந்தாள். ‘ஓசி வைத்தியம், ஓட்டை மிஷின்: தோட்டத் தொழிலாளி பலி!’ இணையத்தில் அவள் போட்ட செய்தி. கூடவே, பளிங்குக்கல் வியாபாரி தியாகராஜா மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற பழைய படம். சாவு வீட்டுச் செய்திக்குப் பக்கத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் மிஷின்கள் புதியவை. லகாட்டில் தியாகராஜா நடத்தும் டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு நோயாளியிடமும் ஒரு வெள்ளி காசுகூட வாங்கியதில்லை. பாதிச் செலவை ஏற்றிருந்த கம்பெனி காலையில் கூப்பிட்டது. சாயங்காலத்துக்குள் செய்தி திருத்தப்படாவிட்டால் விலகிக்கொள்வார்களாம். ஐயா பேர் போனால் நிலையமும் போகும். நோயாளிகள் எங்கே போவார்கள்?

ஐயாவின் பேரைக் காப்பாற்றுவதுதான் தேவனின் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

கிளம்புவதற்கு முன் சரளா அவனை மூலைக்கு இழுத்துப் போய்ச் சொன்னது இன்னும் காதில் கிடந்தது.

“மிஷினை மாட்டவே இல்லடா தேவா. ரத்தம் எடுத்தோம், நாற்காலியில சாஞ்சாரு, அவ்ளோதான். ரிசல்ட் இப்பத்தான் வந்துச்சு. பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இதயம் தாங்குமா?”

“அப்ப மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல?”

“இல்லவே இல்ல. ஞாயித்துக்கிழமை கூடாதது எதையோ உள்ள விட்டிருக்காரு.”

“கூடாததுன்னா?”

சரளா விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். அதில் ஒரு பெயருக்குப் பிறகு வந்த எதுவும் தேவனுக்குக் கேட்கவில்லை.

“என்னா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?”

“காலையிலேர்ந்து சாப்பிடலக்கா.”

“சரி, ஓடு. ரிசல்ட்ட வெளியில காட்டணும்னா அவரு சம்சாரம் சரின்னு சொல்லணும். கையோட கேட்டுட்டு வா.”

அதைக் கேட்க மட்டும் அவன் போகவில்லை. செத்துப்போன பிச்சைமுத்து வேறு ஏதோ சாப்பிட்டார் என்று, டுரியானோ, அசாம் கறியோ, ஏதோ ஒரு பண்டத்தின் பெயர் அவர் மனைவி இராக்காயியின் வாயிலிருந்து வர வேண்டும். வேறு ஏதாவது. எதுவாக இருந்தாலும் சரி.

சுண்ணாம்புக் குன்றுகளின் ஓரமாகக் கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. கைபேசி அடித்தது. தியாகராஜா.

“தேவன், நீர் எங்க போறீர்?”

“இராக்காயி அக்காவப் பார்க்க, ஐயா.”

“அந்த மனுசிய வருத்தாதையும். என்னைப் பற்றி என்னத்தையும் எழுதட்டும். செத்த மனுசனில பழியைப் போட்டு எனக்கொரு பேர் வேண்டாம். விளங்குதோ?”

“விளங்குது, ஐயா.”

 இந்த மனிதர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

மலிவுவிலை அடுக்குமாடி. ரப்பர் தோட்டத்தை மூடிச் செம்பனை நட்டபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் பாதி இங்கேதான் வந்து ஏறியது. தேவன் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஓடினான். வாசலில் ஒரு ஜோடி வெள்ளைக் காலணி.

பிந்திவிட்டான்.

“வந்துட்டாருலா, முதலாளியோட தீயணைப்பு வண்டி!” என்றாள் ஷர்மினி. நாற்காலியில் கால்மேல் கால். மேசையில் அவளுடைய கைபேசி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

“தீய வச்சவங்களே உள்ள உட்கார்ந்திருந்தா நான் வரத்தானே வேணும்?” என்றான் தேவன். “எழுதுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு ஃபோன் போட்டீங்களா?”

“போட்டேன். ராத்திரி. யாரும் எடுக்கல.”

“ஆபீஸ் ஃபோனுக்கு ராத்திரில அடிச்சா பல்லிதான் எடுக்கும்.”

உள்ளேயிருந்து இராக்காயி பால் விடாத கோப்பி ஓ கொண்டுவந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. தேவன் சட்டென்று பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

“குடி தம்பி. வேர்த்து ஊத்துது உனக்கு.”

அந்தக் கரிசனம் அவனைச் சுட்டது. கோப்பியைத் தொடாமலே, மிஷின் மாட்டவே இல்லை என்பதையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் சொல்லி, அதை வெளியில் காட்டலாமா என்று கேட்டான்.

“காட்டிக்கங்க,” என்றாள் இராக்காயி உடனே. “ஐயா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு முதல் நாளே இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அத மட்டும் எழுதல.”

ஷர்மினி காலை இறக்கி வைத்தாள். “எல்லாத்தையும் போட முடியாதுக்கா, இடம் பத்தாது.”

“ஐயா சிரிக்கிற படத்துக்கு மட்டும் இடம் இருந்துச்சா?” என்றான் தேவன்.

அவள் முகம் சிவந்தது. “சரி. மிஷினால இல்லன்னு ரிசல்ட் சொன்னா, இப்பவே திருத்தம் போடுறேன். போதுமா?”

போதும். வேறென்ன வேண்டும்? தேவன் திரும்பினான். கதவுவரை போனான்.

“ஆனா ஒண்ணு,” என்றாள் ஷர்மினி. “பொட்டாசியம் தானா ஏறாதே. ஞாயித்துக்கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழா. உங்க ஐயாதானே அன்னதானம் போட்டாரு? நோயாளிங்களையும் வேன் வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. கூடாத சாப்பாட்டைக் குடுத்தது யாரு?”

 மிஷின் போய் அன்னதானம் வந்துவிட்டது. நாளைக்கு இன்னும் பெரிய எழுத்தில் வரும்.

“அன்னதானத்துல ஒண்ணும் இல்ல,” என்றான் அவசரமாக. “வீட்டுல ஏதாச்சும் சாப்பிட்டிருப்பாரு. வயசானவங்க, நாக்கைக் கட்ட முடியுமா? ஒளிச்சு வச்சுக்கூடத் தின்பாங்க. இல்லக்கா?”

இராக்காயி அவனையே பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரா?”

“தப்பா சொல்லலக்கா...”

“கீரையக்கூட கொதிக்க வச்சு, தண்ணிய ஊத்திட்டு, மறுபடி கொதிக்க வச்சுத்தான் தின்னாரு அந்த மனுசன். சரளா சொன்னா சாமி சொன்ன மாதிரி. அன்னதானப் பந்தியில உட்காரக்கூட இல்ல. நான் தூக்குச்சட்டியில கொண்டுபோன சோத்தத்தான் தின்னாரு.”

“அப்ப எப்படிக்கா ஏறுச்சு?” ஷர்மினி முன்னால் குனிந்தாள்.

இராக்காயி கோப்பித் தட்டைக் கையில் எடுத்தாள். தேவனிடம், “நீ கெளம்பு தம்பி. நேரமாச்சு,” என்றாள்.

கிளம்பியிருக்கலாம். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஷர்மினியின் கைபேசி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. ‘செத்த மனுசனில பழியைப் போட்டு’ என்ற குரல் காதில் வந்து மோத, அதையும் தள்ளிவிட்டுத் தேவனின் வாய் பேசியது.

“நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை மீறிட்டாருன்னு எழுதிக்கங்க, மிஸ். நிலையத்தோட அறிக்கையாவே போட்டுக்கங்க.”

“மீறினாரா?”

இராக்காயியின் குரல் உயரவில்லை. கையிலிருந்த தட்டைத்தான் மேசைமேல் ஓசைப்பட வைத்தாள்.

“எழுதும்மா நீ. சரியா எழுது. கோயில் வாசல்ல ஐயா தன் கையால இளநீ குடுத்தாரு. இந்தச் சீக்குக்கு அது ஆகாதுன்னு அவருக்கு என்னா தெரியும், பாவம். எங்க வீட்டுக்காரரு மரியாதைக்கு வாங்கி உதட்டுல வச்சிட்டு, பின்னால என்கிட்ட தள்ளிட்டாரு. ஐயாவும் அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு. அதோட முடிஞ்சது.”

ஷர்மினி கைபேசியை இராக்காயி பக்கம் நகர்த்தினாள். தேவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்புறம் ஒரு ஆளு கேமராவத் தூக்கிட்டு வந்தான். படம் சரியா விழல, அண்ணாந்து குடிங்கண்ணேன்னான். வேற ஒண்ணு வெட்டச் சொன்னான். அதுவும் சரியில்லன்னு இன்னொண்ணு. வேணாம் தம்பி, எனக்கு ஆகாதுன்னு இவரு சொல்லத்தான் செஞ்சாரு. அவன் சிரிச்சுக்கிட்டே, ‘இந்தப் படம் கிடைக்கலன்னா எனக்கு வேலை போயிரும்ணே’ன்னான்.”

“யாருக்கா அது?”

இராக்காயி திரும்பவேயில்லை. அவள் கண் தேவன் மேலேயே இருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

“வேன்ல திரும்பி வரும்போதே மூச்சு வாங்குச்சு. அப்பவும் என் கையப் பிடிச்சு, ‘யார்கிட்டயும் சொல்லிறாத, அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும்’னுதான் சொன்னாரு. அதுக்காகத்தான் தம்பி, உன் பேர இன்னிக்கு வரைக்கும் நான் வாயில எடுக்கல.”