நெட்டி முறிக்கப் போன கை

வனஜாவுக்கு ஆறு வயது. பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவளுக்கும் சேர்த்து அவளைப் பெற்ற நாகவல்லி பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் வனஜா திரும்பமாட்டாள். பேச்சும் கிடையாது. தினம் குளிப்பாட்டிவிட்டு நாகவல்லி கன்னத்தை வழித்து நெட்டி முறிக்க வந்தால் மட்டும் கன்னத்தைக் காட்டுவாள். ரயில் சத்தம் கேட்டாலோ கைதட்டிக்கொண்டு ஓடுவாள். வீடு அம்பத்தூர் ரயில்வே கேட்டை ஒட்டி. போன வெள்ளிக்கிழமை தண்டவாளத்தின் நடுவிலேயே போய் நின்றுவிட்டாள். கேட்காரர் அய்யாசாமி பாய்ந்து இழுத்திருக்காவிட்டால், அய்யோ, அதை நினைத்தாலே நாகவல்லிக்கு ஈரக்குலை நடுங்கும்.

அது எழுபத்தி நாலாம் வருஷம். பெரியாஸ்பத்திரி டாக்டர் வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னார். மருந்து இல்லை, பழக்கித்தான் சரிசெய்யணும் என்றார். எங்கே, யார் பழக்குவார்கள்? அதைச் சொல்ல அந்த மகராசனுக்கு நேரமில்லை.

அங்கே இங்கே விசாரித்ததில் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று, திருநின்றவூர் ஜமீலா டீச்சர். வனஜாவோடு தரையில் உட்கார்ந்து, அரைமணி நேரம் காத்திருந்து, வனஜா ஒரே ஒருமுறை தன் முகத்தைப் பார்த்ததும் அவள் வாயில் ரெண்டு பொரியை வைத்தாள். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

"தெனமும் நீங்களும் கூடவே உக்காரணும்மா. கூப்பிட்டா நிக்கறதுக்கே ஒரு வருஷம் ஆவும்" என்றாள்.

"ஒரு வருஷமா? அதுக்குள்ள எத்தினி ரயிலு போவும்!" வெளியே வந்ததும் குதித்தான் வனஜாவின் அப்பன் துலுக்கானம். லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன். எதற்கும் ஒரு கெடு வேண்டும் அவனுக்கு.

இன்னொன்று பூந்தமல்லியில், ரகுநாதன் என்பவர் நடத்திய விடுதி. மூன்றே மாதத்தில் பிள்ளை சொன்ன பேச்சு கேட்குமாம். ஆனால் அந்த மூன்று மாதமும் பெற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் தகரப் பெட்டியும் மாற்றுத் துணியுமாக மூவரும் அங்கே போய் இறங்கினார்கள்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டிருந்தார்கள். "நில்" என்றார் ரகுநாதன். நின்றார்கள். "உட்கார்" என்றார். உட்கார்ந்தார்கள்.

"பாத்தியாமே!" துலுக்கானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவனும் தகப்பன்தானே.

"எல்லாம் இவளை மாதிரி ஓடினதுங்கதாம்மா. பயம்னு ஒண்ணு தெரிஞ்சுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் ரகுநாதன்.

வரிசையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண், ரெட்டைப் பின்னல், வனஜா வயசுதான். நாகவல்லிக்கு மனசு தாங்கவில்லை. "எங்கண்ணே பட்டுடும் போல கீதே" என்று குனிந்து, நெட்டி முறிக்க இரண்டு கைகளையும் அவள் கன்னத்தருகே கொண்டுபோனாள்.

அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை நீட்டியது. பிறகு வரிசை முழுக்க நீட்டியது. உள்ளங்கைகளில் பிரம்படித் தழும்புகள், பழசும் புதுசுமாக.

நாகவல்லி வனஜாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துதான் நின்றாள்.

பெட்டியோடு பின்னாலேயே ஓடிவந்தான் துலுக்கானம். "ரெண்டு அடி பட்டா இன்னாமே? உசுரோட இருக்குமில்ல! நாளைக்கே ரயில்ல உழுந்தா இன்னா பண்ணுவே?"

"தெரியலய்யா. எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. ஆனா அந்தப் பயத்த எம்பொண்ணுக்குக் குடுக்க மாட்டேன். அது எங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும்."

திருநின்றவூருக்குப் போக ஆவடி நிலையத்தில் நின்றார்கள். துலுக்கானம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாகவல்லி முந்தானை நுனியை வனஜாவின் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். ரயில் வந்தது. வனஜா கைதட்டிச் சிரித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். புடவை கிழிகிற மாதிரி இழுபட்டது. "வனஜா! வனஜா!" திரும்பவில்லை. துலுக்கானம் தாவிப் பிடித்து இழுத்தான். பதற்றத்தில் அவன் கை அடிக்க ஓங்கிவிட்டது.

வனஜா அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தினமும் அம்மாவிடம் காட்டுவது போலக் கன்னத்தைக் காட்டினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மெதுவாக இறங்கிக் கன்னத்தை வழித்தது. நெட்டி முறிக்கத் தெரியாமல் விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதான்.

"நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கறேன்மே. பகல்ல நானும் டீச்சராண்ட உக்கார்றேன்" என்றான்.

பிறகு வனஜாவின் மணிக்கட்டிலிருந்த முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான்.