டவரை அணைத்த நேரம்

முசரவாக்கத்து டெலிபோன் டவரில் என்ஜினியராக இருந்த வீரபாகுவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மனைவி வள்ளிக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். புதிதாக வந்த செயற்கைக்கோள் நிலையத்துக்கும் இந்த டவருக்கும் ஒரே அலைவரிசை என்பதால், அங்கே கேட்கும் இரைச்சல் இங்கிருந்துதான் போகிறதா என்று பதினொரு மணிக்கு டவரைச் சற்று அணைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. லீவு கிடைக்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மைத்துனன் ஏகாம்பரத்தின் டிரங்க் கால் வந்தது.

"மாமா, டாக்டர் வெளிய வந்துக்கினு இருக்காரு. லைன்லயே இருங்க."

கம்பி வழியாக வரும் இன்னொரு போனில் செயற்கைக்கோள் நிலையத்தார் அவசரப்படுத்தினார்கள். "டவரை அணைங்க சார்!"

மெட்ராஸ் கால் வருவதே இந்த டவர் வழியாகத்தான்; அணைத்தால் ஏகாம்பரத்தின் குரலும் போய்விடும். வீரபாகு ஒரு கணம் திணறினான். பிறகு அணைத்தான்.

"இரைச்சல் நின்னுடுச்சி சார்!" என்றார்கள் நிலையத்தார்.

டவரை மறுபடி போட்டு, சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, டவரும் நிலையமும் ஒன்றையொன்று கெடுக்காத அளவில் நிறுத்தினான். சிறிது நேரத்தில் போன் அலறியது.

"இன்னா மாமா, பாதியில கட் பண்ணிட்டீங்க? பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்கா கண்ணு முழிச்சி உங்களதான் கேக்குது."

"வந்துக்கினே இருக்கேன்னு சொல்லுபா" என்ற வீரபாகு, செருப்பைக்கூட மாட்டாமல் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.